சேமிக்க முடியாத வீடு

அணைக்காதே என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவும் இடத்தில். என் சின்னம்மா மகள், எனக்குத் தங்கை முறை, பக்கத்தில் நின்று ஈரக் கையை உதறிக்கொண்டிருந்தாள். அவளுடைய மூத்த மருமகளைக் காலையில் பார்த்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணவில்லை.

“எங்கடி உன் மருமக? ரெண்டு வார்த்தை பேசலாம்னு பார்த்தா கண்ணுலயே படல.”

“யாரு, அணைக்காதேயா? வந்தா, பரிசுப் பொட்டலத்தக் குடுத்தா, கெளம்பிட்டா. வானம் கருத்துக்கிட்டு வருதாம். கரண்ட் போயிடுமாம்.”

“கரண்ட் போனா அவளுக்கு என்ன?”

“அத அவகிட்டயே கேளுங்கக்கா. எம்மவன் அவளக் கட்டினான். அவ கம்ப்யூட்டரக் கட்டிக்கிட்டா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பெயரிலேயே இவ்வளவு அதிகாரம் உள்ள பெண்ணை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பெயரை வைத்தவர் பெயிண்ட் கடைக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவருடைய கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகளில்தான் அவள் குடியிருந்தாள். மாடிக்கும் கடைக்கும் சேர்த்து மெயின் சுவிட்ச் கீழே கடைக்குள் இருந்தது. அதன் மேல் அவள் ஒரு அட்டையை ஒட்டியிருந்தாள்: அணைக்காதே. மாடியில் கம்ப்யூட்டரின் பிளக்கிற்கு மேலே இன்னொன்று. கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற பேட்டரிப் பெட்டியின் மேல் மூன்றாவது. கடைக்காரர் அவளைப் பற்றிப் பேச வேண்டியபோதெல்லாம் “மேல அணைக்காதே இருக்குதா பாரு” என்பாராம். பெயர் தெருவில் பரவி, உறவுக்குள்ளும் வந்துவிட்டது.

அவள் பிறந்த வீடு எங்களுக்கு அந்நியமில்லை. அவளுடைய தாத்தாவும் என் சின்னப்பாவும் ஒரே அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள். அந்தப் பழக்கத்தில்தான் சம்பந்தம் பேசி முடித்தார்கள். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காஜா மிஷினில் வேலை செய்தாள். சட்டைக்குப் பட்டன் துளை போடுகிற மிஷின். அவளுடைய கணவன் டைல்ஸ் ஒட்டுபவன். எங்கள் குடும்பத்தில் அவனை ரசமட்டம் என்று கூப்பிடுவோம், தரை மட்டம் பார்க்கிற கருவியின் பெயரில். எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் உட்கார்ந்ததும் மேஜையை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்து, “இந்தக் கால் தூக்கியிருக்கு” என்பான். பிறகுதான் தட்டைப் பார்ப்பான்.

அந்தக் கம்ப்யூட்டரை அவன்தான் வாங்கினான், வேறொருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்ததை. டைல்ஸ் கம்பெனி ஒன்று வண்ணப் புத்தகத்தோடு ஒரு குறுந்தட்டு இலவசமாகக் கொடுத்திருந்தது. அதைப் போட்டால் கம்ப்யூட்டரில் வீடு வரையலாம். சுவர் எழுப்பலாம், தரை போடலாம், கதவு வைக்கலாம். வரைந்த பிறகு அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தினால் அந்த வீட்டுக்குள் நடந்தே போகலாம். இலவசமாக வந்தது என்பதால் ஒரே ஒரு குறை. ‘சேமி’ என்ற பொத்தான் மட்டும் மங்கிக் கிடக்கும். அழுத்தினால் வேலை செய்யாது.

ரசமட்டத்துக்கு அது குறையாகவே தெரியவில்லை. அவனுடைய வேலைமுறை அப்படி. வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவருடைய குளியலறையை அவர் கண் முன்னாலேயே வரைவான். இந்த நிறம் வைத்தால் இப்படி, அந்த நிறம் வைத்தால் அப்படி என்று காட்டுவான். அவர் தலையாட்டியதும் மூடிவிடுவான். அளவுகளெல்லாம் அவன் மண்டையில் இருந்தன. எத்தனையோ பேருடைய வீடுகள் அந்தத் திரையில் வந்து மறைந்து போயின.

கடல் தாண்டி ஒரு வேலை அவனுக்குக் கிடைத்தது. பெரிய கட்டடங்களில் டைல்ஸ் ஒட்டும் ஒப்பந்தம். கிளம்புவதற்கு முந்தைய வாரம், வேலையிலிருந்து வந்ததும் இரண்டு பேரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தங்களுக்கென்று ஒரு வீடு வரைந்தார்கள். திரும்பி வந்ததும் கட்டப்போகிற வீடு. மறுநாள் தொடர வேண்டும், ஆனால் சேமிக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டரை அணைக்காமல் அப்படியே விட்டார்கள். அந்த வாரம் முழுக்க அது ஓடிக்கொண்டே இருந்தது.

கடைசி நாளில் சமையலறை மட்டும் பாக்கி. அதிலும் அடுப்புப் பக்கத்துச் சுவர் மட்டும். அங்கேதான் சண்டை வந்தது.

“அடுப்புக்கு மேல ஜன்னல் வேணுங்க.”

“புகைக்கு ஃபேன் வெச்சிடலாம். அந்தச் சுவரு முழுக்க டைல்ஸ் ஒட்டணும். நடுவுல ஒரு வெட்டு இருக்கக் கூடாது. பார்க்கிறவன் அசந்துடணும்.”

“அங்க நின்னு வேகப்போறது நானா, பார்க்கிறவனா?”

“சரி விடு. அந்தச் சுவர மட்டும் அப்படியே விட்டு வை. நான் வந்து போடுறேன்.”

அதற்குள் கீழே கார் வந்து ஹாரன் அடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் பாதி இறங்கியவன், திரும்பிப் பார்த்து, “கம்ப்யூட்டர அணைச்சிடு” என்றான்.

அவள் அணைக்கவில்லை.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான். என் வலது கண்ணில் அறுவை செய்ய அவள் இருக்கிற ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளோடு தங்கினேன். ஒப்பந்தம் முடிந்து, அவன் ஊருக்கு வராமலே அதைப் புதுப்பித்து, அதுவும் பாதி ஓடியிருந்த நேரம். அறையில் பெயிண்ட் வாசனை எப்போதும் இருக்கும். ஒரே ஒரு மேஜை விசிறி. அது அவள் பக்கம் திரும்பியிருக்காது. அந்தப் பெட்டிப் பக்கம் திரும்பியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வருவாள், தலைமுடியெல்லாம் நூல் துணுக்குகள். செருப்பைக் கழற்றியதும் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பது போல.

“இன்னைக்குக் கொஞ்சம் கொதிக்குது பெரியம்மா.”

“எனக்கும்தான் ஒரு கண்ணுல கட்டுப் போட்டிருக்கு. என்னயும் தொட்டுப் பாரேன்.”

சிரித்துக்கொண்டே வந்து என் நெற்றியைத் தொட்டுவிட்டு, திரும்பவும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். வாசல், கூடம், படுக்கையறை.

“இது யாருக்கு, இந்தச் சின்ன ரூம்?”

“உங்கள மாதிரி வந்து போறவங்களுக்கு. நல்லா வெளிச்சம் வரும் பாருங்க.”

அம்புக்குறியை அழுத்திச் சமையலறைக்குள் போனாள். மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் ஒன்றுமில்லை; வெளியே பச்சைத் தரை தொடுவானம் வரை போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த விதமும் அப்படித்தான் இருந்தது.

அந்த வீட்டை உயிரோடு வைத்திருப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. அவன் போன சில மாதங்களிலேயே திரையின் மூலையில் ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது: நினைவகம் போதவில்லை. பயந்துபோய் ரிப்பேர்காரரைக் கூட்டி வந்தாள். தடித்த மனிதர். மாடி ஏறி வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பாதி ரிப்பேர் முடிந்துவிடும் என்று அவரே கேலி பண்ணிக்கொள்வார். அவர் விளக்கிச் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்.

கம்ப்யூட்டருக்கு ஒரு மேஜை இருக்கிறதாம். அப்போதைக்கு வேண்டியதையெல்லாம் அதன் மேல்தான் பரப்பி வைக்கும். மேஜை சின்னது. இடம் போதாவிட்டால், சிலதை எடுத்துக் கீழே தரையில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும். அந்த மூலைக்குத்தான் மெய்நிகர் நினைவகம் என்று பெயர். அது உண்மையில் பெட்டிக்குள் எல்லாவற்றையும் சேமிக்கிற வட்டில் கிடக்கிற ஒரு பெரிய கோப்பு. அந்த வீடு, பாதி மேஜையிலும் பாதி அந்தக் கோப்பிலுமாக இருந்தது. நாளாக ஆக அந்த வரையும் புரோகிராம் வீங்கிக்கொண்டே போயிற்று. கோப்புக்கு இடம் கூட்டிக்கொடுக்க வேண்டும்.

“கூட்டினா மூடித் திறக்கணுமா அண்ணா?”

“கூட்டினா வேணாம் தங்கச்சி. கொறைச்சாத்தான் மூடித் திறக்கணும்.”

“அப்ப கூட்டிக்கிட்டே போங்க.”

“கூட்ட வட்டுல எடம் வேணுமேம்மா. ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்கிட்டு மூடிடேன். எதுக்கு இந்தப் பாடு?”

“போட்டோவுக்குள்ள நடக்க முடியுமா?”

முழு புரோகிராமை வாங்கிவிடலாமே என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். அதை ஏற்றவும் இதை மூட வேண்டும். தூங்க வைக்கிற வசதி உண்டு. ஆனால் அந்தக் கிழட்டு இயந்திரம் ஒரு தடவை தூங்கிவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று சண்டித்தனம் பண்ணியதை அவள் முன்பே பார்த்திருந்தாள். மீண்டும் அந்தச் சோதனைக்கு அவள் தயாராக இல்லை.

ஆகவே இடம் ஒழித்தாள். முதலில் பாட்டுகள். பிறகு படங்கள். பிறகு தன் கல்யாண வீடியோ. அதைக் குறுந்தட்டில் ஏற்றி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். குறுந்தட்டில் ஏற்றும்போது மேஜை நிறைந்து வீடு தடுமாறியது. பயந்து நிறுத்தி, வீடியோவை அப்படியே அழித்துவிட்டாள்.

“அடிப்பாவி, கல்யாண வீடியோவையா?”

“அது நடந்து முடிஞ்சது பெரியம்மா. இது நடக்கப்போறது.”

அவள் அழிக்காத ஒன்று இருந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும். வரையத் தொடங்கும் முன்பே மாட்டியிருந்த பேட்டரிப் பெட்டிக்காக, ரசமட்டம் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஏதோ ஒரு புரோகிராமை ஏற்றினான். அப்போது இயந்திரம் தானாகவே ஒரு மீட்புப் புள்ளியை உண்டாக்கி வைத்திருந்தது. அதில் அந்த நாளின் தேதி இருந்தது. பின்னாளில் கோளாறு வந்தால் அந்தத் தேதிக்குத் திரும்பிப் போகலாம். அவள் அதைக் கண்டுபிடித்து ரிப்பேர்காரரிடம் கேட்டிருக்கிறாள்.

“இந்தத் தேதிக்குப் போனா, அன்னைக்கு இருந்த மாதிரியே ஆயிடுமா அண்ணா?”

அவர் வாயில் திருகாணியைக் கடித்துக்கொண்டு பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். “ஆயிடும், ஆயிடும். எந்திரம் அன்னைக்கு இருந்த மாதிரியே ஆயிடும்.”

அவ்வளவு போதுமாக இருந்தது அவளுக்கு. அந்த நாள் மாலையில் வீடு திரையில் இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த நாளே பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்பினாள். பழைய மீட்புப் புள்ளிகள், ஒதுக்கிய இடம் நிறைந்தால் தாமாகவே அழிந்துவிடும். பழசுதான் முதலில் போகும். ஆகவே அதற்கும் இடம் கூட்டினாள். ஒரே வட்டில் ஒரு பக்கம் வீடு வீங்கியது, மறுபக்கம் அந்த ஒரு நாளைக் காப்பாற்றுவதற்காக ஒதுக்கிய இடம் வீங்கியது. இரண்டுக்கும் தீனி போட அவளிடம் அழிப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

தொலைபேசியில் அவனோடு பேசும்போது இதைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவே இல்லை. “ஏண்டி சொல்லல?” என்று கேட்டேன்.

“எந்தச் சுவருன்னு கேட்டுட்டாருன்னா?” என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பு எப்படி என்று அவர்கள் பேசுவது எனக்கும் கேட்கும். இரண்டு பேரும் ஒரு கதவின் இரண்டு பக்கமும் நின்று தட்டாமலே பேசுவது போல இருக்கும்.

அடுத்த கண்ணுக்காக நான் மறுபடி போனபோது அவன் இன்னொரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தான். ஒரு விடுமுறை நாள். முன்மதியம். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் படுத்திருந்தேன். விசிறிச் சத்தத்தோடு கலந்து எப்போதும் கேட்கும் அந்த இரைச்சல் திடீரென்று கூடி, பிறகு அடங்கியது. எச்சரிக்கை ஒன்று வந்தது. அதன் மேல் இன்னொன்று. வட்டில் இடமில்லை, நினைவகம் இல்லை. அவள் ஓடி வந்து சுட்டியை அசைத்தாள். அம்பு நகரவில்லை. திரையில் சமையலறை பாதி கறுத்தது. பிறகு முழுத் திரையும் நீலமானது. பிறகு பெட்டி தானாகவே அணைந்து, தானாகவே எழுந்தது.

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“பயப்படாதீங்க பெரியம்மா. எங்கிட்ட அந்த நாள் இருக்கு.”

மீட்பு என்று இருந்த இடத்துக்குப் போனாள். தேதிகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தாள். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றாள். வாய்விட்டே சொன்னாள்.

பச்சைப் பட்டை மெதுவாக நகர்ந்தது. அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். தலையை வாரி முடிந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ வரப்போகிற வீடு போல இருந்தது அந்த அறை.

‘மீட்பு வெற்றிகரமாக முடிந்தது’ என்று வந்தது.

பின்னணியில் மலைப் படம். ஒன்றிரண்டு சின்னங்கள். வீடு இல்லை. அந்தப் புரோகிராமைத் திறந்தாள். பச்சைத் தரை தொடுவானம் வரை வெறுமையாகப் போயிற்று. தேதியைத் திரும்பப் பார்த்தாள். மூடித் திறந்தாள். மறுபடியும் பச்சைத் தரை.

ரிப்பேர்காரர் வந்து மூச்சு வாங்கி முடிக்கிற வரை பொறுமையாக நின்றாள்.

“நீங்கதானே அண்ணா சொன்னீங்க, அன்னைக்கு இருந்த மாதிரியே ஆயிடும்னு?”

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“எந்திரம்தாம்மா அன்னைக்கு மாதிரி ஆகும். அதோட அமைப்பெல்லாம் பழையபடி வரும். நீ வரைஞ்சது, எழுதினது, அதெல்லாம் இதுல சேராது. அதுவும் சேமிக்காதது… அது மேஜை மேல இருந்ததும்மா. மேஜைய கவுத்தா போச்சு.” பிறகு தானாகவே, “நான் அன்னைக்கே சரியா சொல்லியிருக்கணும் தங்கச்சி” என்றார்.

“உங்க வாயில ஸ்க்ரூ இருந்துச்சு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அவர் போன பிறகு அவளே தொலைபேசியை எடுத்தாள். வழக்கமாக அவன்தான் கூப்பிடுவான். வேலை நேரம். பின்னால் டைல்ஸ் வெட்டும் மிஷின் கிறீச்சிடுவது கட்டில் வரை கேட்டது.

“என்னாச்சு? பெரியம்மாவுக்கு ஏதாவதா?”

“பெரியம்மா நல்லா இருக்காங்க. வீடு போயிடுச்சுங்க.”

“எந்த வீடு?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “நாம போட்டது. கம்ப்யூட்டர்ல.”

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. “அத இன்னுமா மூடாம வெச்சிருந்த?”

“நீங்க வந்து போடுறேன்னு சொன்னீங்களே.”

மிஷின் நின்றது. அவன் வெளியே எங்கேயோ நடந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வேறாக இருந்தது.

“அடுப்புச் சுவருதானே? இங்க எத்தன சமையலறைக்கு ஒட்டியிருப்பேன். எங்க போனாலும் முதல்ல அடுப்புக்கு மேலதான் பார்ப்பேன், ஜன்னல் இருக்கான்னு. இருக்கிற எடத்துல வெளிச்சம் வந்து என் கையில விழும். உன்ன நெனச்சுக்குவேன். நீ சொன்னதுதான் சரி. ஜன்னல் வெச்சுக்கலாம்.”

“இத ஏன் ஒரு நாள்கூட சொல்லல?”

“நீ மறந்திருப்பேன்னு நெனச்சேன்.”

உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். கன்னத்தில் வழிந்த கண்ணீர் மோவாய் வரை போயிற்று. துடைக்கவில்லை.

“நீங்க வந்து வைங்க” என்றாள்.

“வரேன்.”

“எப்ப?”

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். மேஸ்திரியாக இருக்க வேண்டும். “அப்புறம் பேசறேன்” என்றான். மிஷின் திரும்பவும் கிறீச்சிட்டது, தொடர்பு விட்டுப்போயிற்று.

மறுநாள் ரிப்பேர்காரர் கூப்பிடாமலே வந்தார். அந்த மீட்புப் புள்ளிகளையெல்லாம் துடைத்து, வீங்கிக் கிடந்த கோப்பையும் பழைய அளவுக்குக் குறைத்தார். சேமிக்க முடிகிற புரோகிராம் ஒன்றை ஏற்றித் தருவதாகச் சொன்னார். “இப்ப எடம் தாராளமா இருக்கு தங்கச்சி” என்றார். இடம் இருந்தது. அவள் வேண்டாம் என்றாள். மூடித் திறக்கிற கவலை இனி இல்லையே என்று அவர் மெதுவாகக் கேட்டார். அதனால்தான் வேண்டாம், மூடி வைக்க முடிந்தால் மூடினபடியே மறந்துவிடுவோம் என்றாள். போகும்போது அவரை நிறுத்தி, இதை எப்படி அணைப்பது என்று கேட்டாள். வாங்கிய நாளிலிருந்து அணைக்கிற வேலையை அவன்தான் செய்திருக்கிறான். அவன் போன பிறகு அதற்குத் தேவையே வரவில்லை. எந்தப் பொத்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவர் காட்டிக் கொடுத்தார். அவள் அழுத்தினாள். அந்த அறையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. கீழே பெயிண்ட் டப்பாவைக் குலுக்குகிற சத்தம்கூட மேலே வந்தது.

என் கண் தெளிந்ததும் நான் கிளம்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் தொலைபேசியில் நெடுநேரம் பேசுகிறார்கள் என்று என் தங்கை சொன்னாள். “அப்படி என்னத்தப் பேசுவாங்களோ அக்கா. கட்டாத வீட்டுப் பின்கட்டுக்கு எத்தன படி வைக்கிறதுன்னு ஒரு மணி நேரம் சண்ட போடுறா” என்று அலுத்துக்கொண்டாள். ஒப்பந்தம் முடிந்தது. அவன் வரவில்லை, இன்னொன்றில் கையெழுத்துப் போட்டான்.

அணைக்காதே இப்போதும் பெயிண்ட் கடைக்கு மேலே அதே இரண்டு அறைகளில்தான் இருக்கிறாள். அதே தொழிற்சாலையில், அதே காஜா மிஷினில் வேலை. அவன் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.